கர்ணம் வீட்டுப் பரணும் நம் வீட்டு டிரங்குப் பெட்டியும்

1893 அக்டோபரில் சென்னையில் 'பறையன்' என்ற பெயரில் ஒரு பத்திரிகை வெளிவந்தது. நடத்தியவர் இரட்டைமலை சீனிவாசன். எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அந்தப் பெயரையே நெற்றியில் எழுதிக்கொண்டு வந்த அந்த இதழ், இரண்டே நாளில் ஏறக்குறைய 400 பிரதிகள் விற்றதாகத் தம் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் அவரே எழுதியிருக்கிறார். மாத இதழாகத் தொடங்கி வார இதழாகி 1900 வரை அது நடந்தது. குறைத்துக் கணக்குப் போட்டாலும் 300 இதழ்கள் வந்திருக்க வேண்டும். இன்று எந்த நூலகத்துக்குப் போய் 'பறையன்' தொகுப்பைக் கொடுங்கள் என்று கேட்டாலும் கையை விரிப்பார்கள்.

ஆனாலும் அதில் என்னென்ன வந்தது என்பது நமக்கு ஓரளவு தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மாகாணத்தில் வெளிவந்த சுதேசிப் பத்திரிகைகளை எல்லாம் ஆங்கில அரசு தன் மொழிபெயர்ப்பாளர்களை வைத்துப் படித்தது. யார் அரசைக் குறை சொல்கிறார்கள், எங்கே என்ன புகைகிறது என்று தெரிந்துகொள்ள, செய்திகளை ஆங்கிலத்தில் சுருக்கி இரகசிய அறிக்கைகளாகத் தொகுத்தது. சுதேசிப் பத்திரிகை அறிக்கைகள் என்று ஆய்வாளர்கள் சொல்வது இவற்றைத்தான். 'பறையன்' பேசியதில் பெரும்பகுதி இன்று அந்த அறிக்கைகளின் வழியாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. வேவு பார்த்தவர்கள் வைத்திருந்த காகிதம் மிஞ்சியது. நம் பாட்டன்மார் காசு கொடுத்து வாங்கி, எழுத்துத் தெரிந்த ஒருவர் படிக்கச் சுற்றி உட்கார்ந்து கேட்ட காகிதம் போய்விட்டது. மிஞ்சியதும் ஆங்கிலச் சுருக்கம். சீனிவாசன் எழுதிய தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குத் தேவைப்படவில்லை.

'பறையன்' ஒன்றுக்கு மட்டும் இந்தக் கதி என்றால் விபத்து என்று சொல்லிவிடலாம். 1869இல் 'சூரியோதயம்', 1871இல் 'பஞ்சமன்', 1885இல் 'திராவிட பாண்டியன்' என்று வரிசையாக ஒடுக்கப்பட்டோர் நடத்திய இதழ்கள் வந்திருக்கின்றன. ஜெ. பாலசுப்பிரமணியத்தின் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்ற நூலைப் படியுங்கள். 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைப் பற்றிய நூல் அது. படித்தால் இரண்டு விதமான வியப்பு வரும். இத்தனை இதழ்களா என்பது முதலாவது. இவற்றில் பலவற்றுக்குப் பெயரும் ஆண்டும் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லையா என்பது அடுத்தது.

ஒரு இதழ் தப்பியது. அது தப்பிய விதத்தை ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழை இராயப்பேட்டையிலிருந்து தொடங்கினார். அடுத்த ஆண்டே அது 'தமிழன்' ஆனது. 1914இல் அவர் மறையும் வரை நடத்தினார். பின்னாளில் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் அதே பெயரில் மீண்டும் நடத்தினார். தங்கவயலின் சாம்பியன் ரீஃப்ஸ் பகுதியில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளைச் சிறு சிறு நூல்களாக அச்சிட்டது. சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களின் ஊர் அது. இழந்துவிடக் கூடாது என்று நினைத்து அச்சுக்கூலி கொடுத்தவர்கள் அவர்கள்.

அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் 'தமிழன்' இதழ்கள் வீடுகளில் கிடந்தன. அன்பு பொன்னோவியம் போன்ற ஒருசிலர், பழுப்பேறி மடித்தால் முறியும் அந்தத் தாள்களைச் சொத்துப் போலக் காத்து வைத்திருந்தார்கள். அந்த இதழ்களைக் கொண்டு ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக இரண்டு தொகுதிகளாக வந்தது. 1914க்கும் 1999க்கும் நடுவே 85 ஆண்டுகள். திராவிட இயக்க வரலாறு எழுதியவர்கள், தமிழ் இதழியல் வரலாறு எழுதியவர்கள், தமிழ் பௌத்தம் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலோர் இந்த இடைவெளியில்தான் எழுதினார்கள். அயோத்திதாசர் இல்லாமலேயே எழுதி முடித்தார்கள். தொகுதிகள் வந்த பிறகுதான் பலரும் தங்கள் வரலாற்றைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. சில வீடுகளில் சில பேர் பழைய தாளை எடைக்குப் போடாமல் இருந்ததால் நடந்த மாற்றம் இது. அந்த வீடுகளில் ஏதாவது ஒன்றில் யாராவது ஒருவர் இடத்தை அடைக்கிறது என்று கட்டைத் தூக்கிப் போட்டிருந்தால், அயோத்திதாசரும் நமக்குச் சுதேசிப் பத்திரிகை அறிக்கையில் நாலு வரியாகத்தான் கிடைத்திருப்பார்.

(அயோத்திதாசரே சொன்ன ஒரு செய்தி உண்டு. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். திருக்குறள் ஓலைச்சுவடியை அந்தத் துரை வழியாக எல்லிஸிடம் சேர்த்தது கந்தப்பன்தான் என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். குறள் அச்சேறிய கதையைச் சொல்லும்போது எல்லிஸ் பெயரைத் தவறாமல் சொல்கிறவர்கள் பட்லர் பெயரை எத்தனை முறை சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.)

இதெல்லாம் அறிவாளிகளின் வரலாறு, நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். ஊருக்கு வருவோம்.

செங்கல்பட்டில் ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891இல் அந்த மாவட்டப் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், பண்ணையார் 'இறங்கு' என்றால் இறங்க வேண்டிய நிலையில் இருந்த மக்களைப் பற்றிய அறிக்கை. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கம் அதுதான். நிலத்தைப் பெற்றவர் 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் நிலம் அரசுக்குத் திரும்பும். நம் நிலத்தைக் காக்கும் வலுவான நிபந்தனை இது.

ஆனால் நிபந்தனை எங்கே எழுதப்பட்டிருந்தது? கிராமக் கணக்கில். 'டி.சி.' என்று ஒரு குறிப்பு, நிபந்தனைப் பட்டா என்று ஒரு வரி. அந்தக் கணக்கு எங்கே இருந்தது? கர்ணத்தின் வீட்டில். அலுவலகம் என்று தனியாக ஒன்று பல ஊர்களில் கிடையாது. கர்ணம் வீட்டுத் திண்ணைதான் அலுவலகம், பரண்தான் ஆவணக் காப்பகம். பரம்பரையாக அந்த வேலை பார்த்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. சேரிக்காரர் கர்ணமாக இருந்த ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தன் நிலத்தின் ஆதாரத்தைப் பார்க்க, திண்ணையில் ஏறக்கூட அனுமதியில்லாத மனிதர் வாசலில் நின்று கேட்க வேண்டும். அங்கே எழுதப்பட்டதும் அடிக்கப்பட்டதும் அவருக்கு எப்படித் தெரியும்?

1980 நவம்பரில் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அது நல்ல காரியம். அதே காலத்தில்தான், 1979 முதல் 1987 வரை, யூடிஆர் என்று எல்லோரும் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பழைய கணக்கைப் பார்த்துப் புதிய பதிவேடு எழுதினார்கள். யார் அனுபவத்தில் இருக்கிறாரோ அவர் பெயர் ஏறியது. நிபந்தனைக் குறிப்பு பல இடங்களில் ஏறவில்லை. ஒரு வரி விடுபட்டது, அவ்வளவுதான். அந்த ஒரு வரியோடு ஏக்கர் கணக்கில் நிலம் போய்விட்டது. இன்று இணையத்தில் பட்டா எடுத்துப் பார்த்துவிட்டு 'எங்கள் ஊரில் பஞ்சமி நிலமே இல்லை' என்று சொல்லும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறோம்: நீங்கள் பார்ப்பது யூடிஆருக்குப் பிந்தைய கணக்கின் வாரிசு. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் பழைய அ-பதிவேட்டையும் பார்க்காமல் அப்படிச் சொல்லாதீர்கள். தகவல் உரிமைச் சட்டம் நகல் கேட்கும் உரிமையோடு, நேரில் போய்ப் பதிவேட்டைப் பார்வையிடும் உரிமையையும் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். நாங்கள் பார்க்கப் போன ஒரு அலுவலகத்தில் பதிவேட்டின் நடுவே நமக்கு வேண்டிய பக்கங்கள் மட்டும் இல்லை. 'கரையான் அரிச்சிடுச்சு' என்றார்கள். முன்னும் பின்னும் இருந்த பக்கங்களைத் தொடாமல் நடுப்பக்கங்களை மட்டும் கிழித்துத் தின்னும் கரையானை அன்றுதான் கேள்விப்பட்டோம்.

செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். அவர்கள் கேட்டது புதிதாக எதையும் இல்லை. 1892இல் எழுதிக் கொடுத்ததைத்தான் கேட்டார்கள்.

நம் கையில் இருக்கும் காகிதத்தின் அருமை நம்மைவிட எதிரில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்தபோது டிவியும் பாத்திரமும் மட்டும் உடையவில்லை. படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் வெளிநாட்டு வேலைக்கு வைத்திருந்த பாஸ்போர்ட்டுகளும் அழிக்கப்பட்டன என்று ஊர் மக்கள் சொன்னார்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் வீடுகள் கொளுத்தப்பட்டபோது பீரோக்களுக்குள் இருந்த தாள்களும் சேர்ந்துதான் எரிந்தன. இழப்பீட்டுப் பட்டியலில் கட்டிலுக்கு விலை உண்டு, தாத்தாவின் நிபந்தனைப் பட்டாவுக்கு விலை போட முடியாது.

ஆகவே ஊர்தோறும் ஒரு சிறு ஆவணக் காப்பகம் வேண்டும் என்று நாங்கள் சொல்லி வருகிறோம். காப்பகம் என்றதும் கட்டடம், நிதி, நிர்வாகக் குழு என்று மிரள வேண்டாம். ஒரு ஸ்கேனர், ஒரு நோட்டு, பொறுமையான நாலு பேர், பூட்டுப் போட ஒரு இரும்பு அலமாரி போதும். அம்பேத்கர் மன்றம் இருக்கும் ஊரில் இடம் பிரச்சினை இல்லை. உண்மையான வேலை, எது ஆவணம் என்று நம்மவர்களுக்குப் புரிய வைப்பதுதான். 'எங்க வூட்ல ஒண்ணும் இல்ல கண்ணு' என்பார்கள். பட்டா இருக்கா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். 'தாத்தா காலத்துப் பொட்டி ஏதாச்சும் இருக்கா ஆயா?' என்று கேளுங்கள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து, அரிசிப் பானைக்கு மேலிருந்து, டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து வரும். மன்றத்தின் தீர்மானப் புத்தகம், பறை அடிக்க மாட்டோம் என்று ஊர் கூடி எழுதிக் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த தாள், கூலி உயர்வுப் போராட்டத் துண்டறிக்கை, முதல் தகவல் அறிக்கையின் நகல், இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த கடிதம், 1960களின் கல்யாணப் பத்திரிகை, இரவுப் பள்ளி வருகைப் பதிவேடு. இவற்றில் எதையும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. 1924இல் பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் பொது என்று ஆர். வீரையன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அந்த விவாதம் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பில் அச்சில் இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு உங்கள் ஊரில் யார் முதலில் அந்தத் தெருவில் செருப்போடு நடந்தார், என்ன ஆயிற்று என்பது உங்கள் ஊர்ப் பெட்டியில் இருந்தால்தான் உண்டு.

இனி, கிடைத்ததை என்ன செய்வது. முதலில் ஒரு கெஞ்சல்: லேமினேஷன் செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்ற பாசத்தில் நம் மக்கள் செய்யும் மிகப் பெரிய கேடு அது. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது. பழைய தாளில் இருக்கும் அமிலம் உள்ளேயே அடைபட்டு அதை அரித்துக்கொண்டே இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வந்த மரக்கூழ்த் தாள்கள், அதிலும் செய்தித்தாள், இந்த அமிலத்தால்தான் பழுப்பாகி நொறுங்குகின்றன. அதற்கு முந்தைய, கந்தல் துணியிலிருந்து செய்த தாள் இவற்றைவிட உறுதியாக இருப்பதைப் பார்த்து வியந்திருக்கிறோம். செலோடேப் வேண்டாம். அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறி எழுத்தையே தின்னும். ஸ்டேப்ளர் பின், குண்டூசி, ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் மெல்லக் கழற்றுங்கள். துரு தாளைத் துளைக்கும். கிழிந்ததை ஒட்டியே ஆக வேண்டும் என்றால் அதைத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். அவர்கள் மெல்லிய இழைத்தாளையும் மாவுப் பசையையும் வைத்து, வேண்டும்போது பிரிக்கக்கூடிய விதத்தில் ஒட்டுவார்கள். அதுவரை கிழிசல் கிழிசலாகவே இருக்கட்டும்.

நனைந்த தாளை வெயிலில் காயப்போடாதீர்கள். முறுகி, மை வெளுத்துப் போகும். எழுத்தில்லாத வெள்ளைத் தாள்களை இடையிடையே வைத்து, மின்விசிறிக் காற்றில், நிழலில் உலர்த்துங்கள். ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் ஈரமும் இருட்டும் பிடிக்கும். அதனால் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்துருண்டை தாளின் மேல் படக் கூடாது. எண் போடுவதென்றால் பென்சிலால், பின்புறத்தில், ஓரமாக.

படம் பிடிக்கும்போது வெற்றுப் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடியுங்கள். வெற்று என்று நினைத்த பக்கத்தில்தான் சர்வே எண்ணை யாரோ கிறுக்கி வைத்திருப்பார்கள். செல்போன் போதும், ஜன்னல் வெளிச்சம் போதும், தாளுக்கு நேர் மேலே பிடிக்க வேண்டும். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் காப்பகப் பிரதியாக வைக்காதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். ஒரு பிரதி ஊரில், ஒரு பிரதி வேறு ஊரில். நோட்டில் எழுத வேண்டியது: யார் வீட்டில் கிடைத்தது, அவர்களுக்கு எப்படி வந்தது, எந்தத் தேதியில் பார்த்தோம், தாளைப் பற்றி வீட்டுக்காரர் என்ன சொன்னார். இந்தக் கடைசிச் செய்தியைப் பலர் எழுதுவதில்லை. தாள் நூறாண்டு இருக்கும், சொல்கிற ஆயா இருக்க மாட்டார்.

அசலை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியச் சாட்சியச் சட்டம் 1872இன் 90ஆவது பிரிவு, 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆவணம் முறையான பொறுப்பில் இருந்து வந்திருந்தால் அதிலுள்ள கையெழுத்தும் எழுத்தும் உண்மையானவை என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றது. புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. எழுதியவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் செத்துப்போன பிறகு, நமக்கு இருக்கும் பிடிமானம் இது. 'முறையான பொறுப்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டாதாரரின் பேரன் வீட்டுப் பெட்டியில் இருந்தால் அது முறையான பொறுப்பு. ஆர்வக் கோளாறில் நீங்கள் எடுத்து வந்து விடுதி அறையில் வைத்திருந்தால், இது எப்படி உன்னிடம் வந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். நகலுக்கு இந்த அனுமானம் கிடையாது, அசலுக்குத்தான். ஸ்கேன் செய்தாயிற்றே, அசல் எதற்கு என்று நினைக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வுக்கு என்று சொல்லி அசலை வாங்கிப் போனவர்கள் திரும்பி வராத வீடுகள் பல. புத்தகம் வந்திருக்கும், பட்டம் வந்திருக்கும், தாள் வந்திருக்காது. அந்த வீட்டில் நீங்கள் போய்க் கேட்டால் கதவைச் சாத்துவார்கள். சாத்துவது நியாயம். மன்றத்தின் தீர்மானப் புத்தகம் போல யாருடைய வீட்டுக்கும் சொந்தமில்லாததை அலமாரிக்கு வாங்கினால், தேதி போட்டு ரசீது எழுதிக் கொடுங்கள். கிடைத்ததை எல்லாம் இணையத்தில் ஏற்றிவிடவும் கூடாது. வன்கொடுமை வழக்குத் தாள்களில் பாதிக்கப்பட்ட பெண்களின் பெயர் இருக்கும். சமாதானம் என்ற பேரில் மிரட்டி எழுதி வாங்கிய முச்சலிக்கையில் இன்றும் அதே ஊரில் வாழ்கிறவர்களின் பெயர் இருக்கும். எதைத் திறந்து வைப்பது, எதைப் பூட்டி வைப்பது என்பதை அந்தக் குடும்பங்கள் சொல்லட்டும். பல்கலைக்கழகமோ நாமோ முடிவு செய்யும் விஷயம் இல்லை அது.

தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்ட பிறகு குடும்பங்கள் பிழைப்புக்குப் பல ஊருக்குச் சிதறின. சிறிய வாடகை வீடுகளுக்குப் போகிறவர்கள் எதை எடுத்துப் போவார்கள், எதை விட்டுப் போவார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த வீடுகளில் 'தமிழன்' இதழ் ஒன்றிரண்டு இன்னும் இருக்கலாம். 'பறையன்' ஒரு பிரதிகூட எங்கேயாவது இருக்கலாம். தங்கவயலுக்குச் சொந்தபந்தம் உள்ள தோழர்கள் இதைத் தனி வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு கெடு வைக்கிறோம். நம் ஊர்களில் பழைய தாள்கள் அதிகம் அழிவது கரையானால் இல்லை, போகியால். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒழிப்பார்கள். பரணிலிருந்து எல்லாம் இறங்கும். விடியற்காலையில் பழைய பாயோடும் முறத்தோடும் சேர்ந்து பெட்டிக்கு அடியில் இருந்த காகிதக் கட்டும் தீயில் விழும். மார்கழி பிறந்ததுமே உங்கள் தெருவில் தொடங்குங்கள். வயதான பெண்கள் இருக்கும் வீடுகளுக்கு முதலில் போங்கள். வெறுங்கையோடு போகாமல் அவர்கள் கணவரின் அல்லது மாமனாரின் பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பெட்டி திறக்கும்.